கேமரா இல்லாத அறை

காலை ஏழு மணிக்கு என் கைபேசியில் ஒரு செய்தி வரும். எட்டு வருடமாக வந்துகொண்டிருந்தது. "ஒன்பது ரெடி. ரெண்டு பட்டறையில். பன்னிரண்டைத் தொடாதீங்க." அவ்வளவுதான். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. எங்கள் சிறிய ஊரின் காவல் நிலையத்தில் அன்றைக்கு எத்தனை ரோந்து வண்டி ஓடும், எது ஓடாது என்பதை, டிஸ்பாட்ச் மேசையில் அழைப்புகளை எடுக்கும் எனக்குக் காஜா மைதீன் சார் சொல்லும் முறை அது. மற்றவர்களுக்கு இதையே ஆங்கிலத்தில் அனுப்புவார், எனக்கு மட்டும் தனியாகத் தமிழில். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தச் செய்தி வரவில்லை. ஏழரை வரை பார்த்துவிட்டு, "சார், இன்னிக்கு எத்தனைங்க?" என்று நானே கேட்டு அனுப்பினேன். பதிலுக்கு அவர் மகன் இம்ரானிடமிருந்து போன் வந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த பையன், தமிழ் புரியும், பேச வராது. "ஆன்ட்டி, வாப்பா..." என்று தொடங்கி மீதியை ஆங்கிலத்தில் சொன்னான். விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். அடுத்த லைனில் ஒருவர் தன் கார்க் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டதாகச் சொல்லக் காத்திருந்தார். அதைக் கேட்டு எழுதி, ஆள் அனுப்பிவிட்டுத்தான் அழ முடிந்தது.

பக்கத்து ஊர்களான டப்ளினிலும் பிளசன்டனிலும் அவரைத் தெரிந்த நம் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக் கூட்டங்களில் பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிற்கும் காஜா அங்கிள். போலீஸில் என்னமோ வேலை, அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. அஞ்சலி எழுதுவது மட்டும் என் நோக்கமில்லை. அவரைப் பற்றி நம்மிடையே தப்பான பேச்சு ஒன்று பல வருடமாக உலவியது. அதைக் கிளப்பிவிட்டவள் நான். கிளப்பியவளே அதைத் திருத்துவதுதான் நியாயம்.

முதலில் அவர் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்டேஷனில் முப்பதுக்குக் கொஞ்சம் மேல் அதிகாரிகள், ஒரு டஜன் வண்டிகள், ஒழுகும் கூரையுடன் ஒரு கட்டடம். இந்த மூன்றும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. எந்த வண்டி சர்வீஸுக்குப் போக வேண்டும், எந்த ஷிஃப்டில் ஆள் குறைகிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது, எல்லாமே அவர் மேசைக்குத்தான் வரும். சீருடை கிடையாது, துப்பாக்கி கிடையாது. கடையநல்லூரிலிருந்து கிளம்பி, துபாயில் லாரிக் கம்பெனி ஒன்றில் இருந்து, அங்கிருந்து இங்கே வந்தவர். "திருடனைப் புடிக்க ஆள் இருக்குது கவிதாம்மா. அந்த ஆளு போய்ச் சேர வண்டி வேணும்ல? அதான் நம்ம சோலி," என்பார். டிவியில் வரும் போலீஸ் கதைகளில் தன் வேலையைச் செய்கிறவனை ஒருதரம்கூடக் காட்டவில்லை என்று அவருக்குக் குறை உண்டு.

பட்டறையிலிருந்து ஒரு வண்டி திரும்பி வந்தால் அதை அவர் தானே ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டார். கூரை விளக்கின் மேல் 'பணியில் இல்லை' என்று எழுதிய உறையை மாட்டிக்கொண்டு, 580 ஃப்ரீவேயில் இரண்டு எக்ஸிட் போய்த் திரும்புவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். தூரத்திலிருந்து பார்த்தால் போலீஸ் வண்டி போலீஸ் வண்டிதானே, உறையை யார் பார்க்கிறார்கள்? முன்னே போனவர்கள், பக்கத்தில் போனவர்கள் எல்லோரும் பயந்துபோய் ஊர்ந்தார்கள். "பாருங்க, சுத்தி வாறவங்க பூராம் யோக்கியமா ஓட்டுதாங்க. நான் எப்பிடிம்மா வேகத்துல பிரேக்கைச் சோதிக்கது?" என்று புலம்பினார். திரும்பி வந்ததும் ஓட்டுநர் இருக்கையில் இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தார். இடுப்புப் பெல்ட்டில் துப்பாக்கியும் விலங்கும் உரசி உரசி, எல்லா வண்டியிலும் இருக்கையின் ஓரம் ஒரே இடத்தில் நசுங்கிப்போகும். பட்டறைக்காரர் அதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தார். காஜா சார் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். "பன்னெண்டு மணி நேரம் ஒருத்தன் இதுல உக்காரணும். அவன் முதுகு வலியோட போய் யாருகிட்ட பேசுனாலும் எரிஞ்சுதான் விழுவான்," என்றார்.

ஷிஃப்டுக்கு ஆள் போடுவதிலும் அதே பிடிவாதம்தான். என் மகள் தியாவுக்கு இரண்டு வயதிருக்கும்போது காய்ச்சல் என்று டேகேரிலிருந்து கூப்பிட்டார்கள். என் கணவர் வேலை விஷயமாக டெக்சாஸில் இருந்தார். டிஸ்பாட்ச் நாற்காலியை ஒரு நிமிடம்கூடக் காலியாக விட முடியாது. காஜா சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, லீவில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். ஏழு பேர் முடியாது என்றார்கள். யாரிடமும் அவர் கெஞ்சவில்லை, குத்திக்காட்டவில்லை. ஒவ்வொருவரிடமும், பரவாயில்லை, நன்றாக ஓய்வெடு என்று சொல்லி வைத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சார், குழந்தைக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க, வருவாங்க," என்றேன். "அது அவங்க லீவும்மா. ஒங்க புள்ளையச் சொல்லி அவங்க லீவைப் பிடுங்கக் கூடாது. எட்டாவது ஆளு இருக்காருல்லா," என்றார். எட்டாவது ஆள் வந்தார். நான் கிளம்பினேன்.

இனி அந்த அறைக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேரும்போது தியாவுக்கு ஐந்து மாதம். சேருவதற்கு முன் நிரப்பிய படிவத்தில், ஷிஃப்டின் நடுவே பால் எடுத்து வைக்க எனக்கு ஒரு தனியிடம் வேண்டும் என்று தயங்கித் தயங்கி எழுதியிருந்தேன். முதல் நாளே ஒரு சாவியைக் கொடுத்தார்கள். வரவேற்பறைக்குப் பின்னால் சின்ன அறை. சாய்ந்து உட்கார நாற்காலி, ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், கை கழுவும் தொட்டி, கதவின் உள்ளே புத்தம்புதுத் தாழ்ப்பாள். புதுப் பெயின்ட் வாசனை இருந்தது. நல்ல ஆபீஸாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஏழு மாதம் ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்த அறையில் உட்கார்ந்தேன். தரைவிரிப்பில் ஒரு கனமான மேசையின் நான்கு கால்கள் அழுத்திய பள்ளங்கள் இருந்தன. சுவரில் ஏதோ பலகை மாட்டியிருந்த தடம் பெயின்ட்டையும் மீறித் தெரிந்தது. மூலையில் இருந்த போன் எப்போதாவது அடிக்கும். எடுத்தால், யாராவது டயர் வந்துவிட்டது என்பார்கள், அல்லது பன்னிரண்டாம் நம்பர் வண்டி ரெடி என்பார்கள். தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிடுவேன். போனில் மூச்சு வாங்கும் சத்தத்தை வைத்தே பொய் சொல்கிறவர் யார் என்று கண்டுபிடிக்கிற டிஸ்பாட்ச்சர் நான்.

காஜா சாரின் மேசை அப்போது வண்டிக் கொட்டகையில் இருந்தது. கைதிகளை இறக்க வண்டி நேராக உள்ளே வருமே, அந்தக் கூடம். ஒரு பக்கம் டயர் அடுக்கு, மறுபக்கம் எண்ணெய் டப்பாக்கள், நடுவில் மேசை. ஒவ்வொரு வண்டி வரும்போதும் பெரிய கதவு மேலே சுருண்டு திறக்கும், குளிர்காற்று அப்படியே உள்ளே வரும். தொழுகைத் தொப்பியின் மேல் ஒரு கம்பளித் தொப்பியையும் மாட்டிக்கொண்டு கணினியில் ஷிஃப்ட் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு மேனேஜரை ஏன் இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று ஒரு அதிகாரியிடம் கேட்டேன். "அவரை நாடு கடத்திவிட்டோம்," என்று சிரித்தான் அவன். அதை நான் அப்படியே நம்பினேன். காஜா சாரிடமே கேட்டபோது, "வண்டி இருக்குத எடத்துலதானம்மா நான் இருக்கணும்," என்றார். மனுஷன் மானத்தை மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் எப்போது சும்மா இருந்திருக்கிறது? அந்த வருடம் பிளசன்டனில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக்கில் யாரோ, "காஜா அங்கிள் உங்க ஸ்டேஷன்ல பெரிய போஸ்ட்டாமே?" என்று கேட்டார்கள். தயிர்சாதத்தைப் பரிமாறிக்கொண்டே நான் சொன்னேன்: "பேருதானுங்க மேனேஜர். மேலதிகாரியோட ஏதோ தகராறு போல. டயர் அடுக்கி வெச்ச ஷெட்ல கொண்டு போய் உக்கார வெச்சுட்டாங்க, பாவம்." அந்தப் 'பாவம்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டதால் நான் சொன்னது புறணி இல்லை, இரக்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் மனைவி ஜுலைகா ஆன்ட்டி தட்டோடு எனக்குப் பின்னால் நின்றிருந்ததை நான் பார்க்கவில்லை.

பேச்சு பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒருவர் காஜா சாரிடம், ரெஸ்யூமே அனுப்புங்க அங்கிள், எங்க கம்பெனில பாக்கறேன் என்றார். இன்னொருவர் ஜுலைகா ஆன்ட்டியிடமே, அங்கிளை இறக்கிட்டாங்களாமே என்று கேட்டார். ஆன்ட்டி கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தினார். ஒரு வருடத்துக்கு மேல் காஜா சார் மட்டும் தனியாகச் சட்டியோடு வந்து, பரிமாறிவிட்டுப் போனார். ஆன்ட்டிக்கு முட்டிவலி என்றார். அதையும் நான் நம்பினேன். என்னிடம் அவர் நடந்துகொண்ட விதத்தில் ஒரு இம்மிகூட மாற்றமில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு எப்போதும்போல எத்தனை வண்டி ரெடி என்று செய்தி வந்தது.

ஜனாஸா அடக்கம் நடந்த அன்று மதியம் எங்கள் ரோந்து வண்டிகள் வரிசையாக அடக்கஸ்தலத்துக்கு வந்தன. எல்லாம் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன. பன்னிரண்டாம் நம்பர் மட்டும் வரவில்லை. அவர் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்ததால் யாரும் அதைத் தொடவில்லையாம். வேலிக்கு வெளியே நான் நின்ற இடத்துக்கு ஓய்வு பெற்ற சார்ஜென்ட் டெனிஸ் வந்தார். "கடைசிவரை தன் அறைக்குத் திரும்பாமலே போய்விட்டார்," என்றார். எந்த அறை என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நீ பால் எடுத்த அறைதான். உனக்குத் தெரியாதா? தெரியும் என்றல்லவா இத்தனை வருடம் நினைத்தோம்."

பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான். எங்கள் கட்டடம் போலீஸ் கட்டடம். விசாரணை அறை, கூட்ட அறை, நடைபாதை, எங்கு பார்த்தாலும் கேமரா. பெண்கள் உடை மாற்றும் இடம் கழிப்பறையோடு ஒட்டியது. கேமராவும் இல்லாமல், கதவும் சாத்தக்கூடிய அறைகள் இரண்டே இரண்டு. ஒன்று தலைமை அதிகாரியுடையது. இன்னொன்று காஜா சாருடையது. என் படிவம் அவர் மேசைக்கு வந்த அன்று, நகராட்சி வேறு இடம் பார்த்துத் தரும்வரை இருக்கட்டும் என்று இரண்டு பேரைக் கூப்பிட்டு மேசையைக் கொட்டகைக்குத் தூக்கிப் போகச் சொல்லியிருக்கிறார். தாழ்ப்பாளை அவரே வாங்கி வந்து மாட்டியிருக்கிறார். நகராட்சி வேறு இடம் பார்க்கவே இல்லை. எனக்குப் பிறகு ஒரு பெண் அதிகாரி, அவளுக்குப் பிறகு ரெக்கார்ட்ஸ் பிரிவில் ஒருத்தி என்று அறைக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. நாடு கடத்தினோம் என்று பையன்கள் கிண்டல் செய்தது, அவர் தானாகக் கிளம்பிப் போனதைத்தான்.

அன்று மாலை அவர்கள் வீட்டில் பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் ஜுலைகா ஆன்ட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாட்லக்கில் நான் பேசியதையும் சொன்னேன். "தெரியும்மா. நான் அங்கனதானே நின்னேன்," என்றார். "நீங்களாவது அப்பவே என்னை ரெண்டு கேள்வி கேட்டிருக்கலாமே ஆன்ட்டி," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேக்கணும்னுதான் வெறியா வந்துச்சு. அவுககிட்ட சண்டை போட்டேன். ஊரே உங்களைக் கேவலமாப் பேசுது, அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா என்னன்னு கேட்டேன். அவுக என்ன சொன்னாக தெரியுமா? 'சொன்னா அது அந்த ரூமுக்குள்ள போகக் கூச்சப்படும். ஒரு வேளை போவாது. அப்புறம் அதோட புள்ளைக்குப் பாலு இல்லாமப் போயிரும். ஊரு பேசுனாப் பேசிட்டுப் போவட்டும்'னாக."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வாசலில் வந்து செருப்பைத் தேடுவதுபோல் வெகுநேரம் குனிந்தே நின்றேன். தியாவுக்கு இப்போது எட்டு வயது. அவள் குடித்த ஒவ்வொரு பாட்டில் பாலுக்கும் அந்த மனிதர் குளிரில் உட்கார்ந்திருக்கிறார். நான் அவரை ஊர் முழுக்கப் பாவம் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க ஏழு வருடம் அவகாசம் இருந்தது. எதற்குக் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதும் கண் மறைக்கிறது.

இரண்டு வாரம் கழித்துத் தலைமை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். புது ஆள் கிடைக்கும்வரை காஜா சாரின் வேலையை நான் பார்க்க முடியுமா என்று கேட்டார். சரி என்றேன். அந்த அறையை இனி நீ ஆபீஸாக எடுத்துக்கொள், மேனேஜர் கொட்டகையில் உட்காருவது நன்றாக இல்லை என்றார். பிரசவ விடுப்பு முடிந்து மேகன் என்ற இளம் அதிகாரி அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவளுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். கூட்ட அறையில் கேமராவின் மேல் ஒரு துணியைப் போட்டுக்கொள்ளலாமே என்றார். நேராகக் கொட்டகைக்குப் போய் காஜா சாரின் மேசையில் என் பையை வைத்தேன். இழுப்பறையைத் திறந்தால், வண்டிச் சாவிகளின் நடுவே அவருடைய கம்பளித் தொப்பி இருந்தது. சாயங்காலம் அதை ஜுலைகா ஆன்ட்டியிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி முகத்தில் ஒருமுறை வைத்துக்கொண்டவர், என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நீயே வச்சுக்க. அங்கன குளிரும்," என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தத் தொப்பிதான். கூடவே ஏழு மணிச் செய்தியும். இப்போது அதை நான் அனுப்புகிறேன். பன்னிரண்டாம் நம்பருக்கு என்ன கோளாறு என்று அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பட்டறையில் மூன்று முறை பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறார்கள். இருந்தாலும் தினமும் தொடாதீங்க என்றே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் கூட்டத்தில், உங்களில் ஒருவர்தான், பெயர் சொல்ல மாட்டேன், என்னைத் தனியாக அழைத்து விசாரித்தார். "ஏன் கவிதா, ப்ரமோஷன்னு கேள்விப்பட்டேன். இப்போ பாத்தா உன்னையும் ஷெட்ல போட்டுட்டாங்களாமே?" எனக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால், "வண்டி இருக்கற இடத்துலதானுங்க நான் இருக்கோணும்," என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

காஜா மைதீன் சாரை யாரும் இறக்கவில்லை. யாரும் எங்கேயும் போடவில்லை. நான் சொன்னது பொய். இதை நீங்கள் எல்லோரிடமும் சொல்லுங்கள், நான் அன்று சொன்னதைவிட வேகமாகச் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் ஸ்டேஷன் பக்கம் வந்தால் மட்டும் இதை ஆங்கிலத்தில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். மேகனுக்கு இன்னும் ஐந்து மாதம் அந்த அறை வேண்டும்.